அடைப்புக்குறியின் விலை 400 ரூபா

"கூட" என்ற ஒரே ஒரு சொல்லால் எங்கட பிள்ளைகள் எத்தனை புள்ளியை இழக்குதுகள் என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

மன்னார் தீவில், பள்ளிமுனையில், நாங்கள் பேசும் தமிழில் "கூட" என்றால் அதிகம். "இண்டைக்கு சூடை கூட" என்றால் நிறையப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். "என்னோட கூட வா" என்றால் சேர்ந்து வா. "நான்கூடப் போகேல்ல" என்றால் நானும்தான். இத்தனையையும் சரியாக விளங்கிக்கொள்ளும் பிள்ளை கணிதப் பாடத்தில் அந்தச் சொல்லைக் கண்டதும் ஒரே ஒரு வேலைதான் செய்யும். கூட்டும்.

இதைக் கேட்டுப் பாருங்கள்: அக்காவிடம் 20 ரூபா இருக்கிறது. அது தம்பியிடம் இருப்பதை விட 8 ரூபா கூட. தம்பியிடம் எவ்வளவு?

தரம் 6, தரம் 7 பிள்ளைகளில் பாதிப் பேராவது 28 என்று எழுதுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கழிக்கத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். 20 இலிருந்து 8 போனால் 12 என்று தரம் 2 இலேயே படித்துவிட்டார்கள். அவர்கள் தவறியது கணக்கில் இல்லை, வசனத்தில். "அது" யாருடைய காசு, "கூட" யாருக்குக் கூட என்று நிதானிக்க முதல் பேனை ஓடிவிடுகிறது.

"தலா" இன்னொன்று. "நான்கு பேருக்குத் தலா 6 மாம்பழம்" என்று புத்தகம் சொல்லும். எங்கட ஊரில் யார் தலா என்று சொல்கிறார்கள்? ஆளுக்கு ஆறு என்றுதான் சொல்வோம். ஒருமுறை ஒரு பிள்ளை எழும்பி, "தலா எண்டா அஜித்தா சேர்?" என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. ஆனால் நியாயமான கேள்வி. "எஞ்சியது" என்பதை "மிச்சம்" என்று மாற்றிச் சொன்னால் பாதி வகுப்பு விடையோடு எழும்பும்.

வசனக் கணக்கை வாசிக்காமலே செய்யும் பழக்கம் எங்கட பிள்ளைகளுக்கு மட்டும் உரியதில்லை. 1980 அளவில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன? 76 பிள்ளைகள் எண்களைக் கூட்டிக் கழித்து ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். நான் இதை "ஒரு போட்டில 26 கிலோ சூடையும் 10 கிலோ நெத்தலியும் இருக்கு, ஓட்டுறவருக்கு எத்தனை வயசு" என்று மாற்றிக் கேட்டேன். "முப்பத்தாறு சேர்!" என்று உரத்த குரலில் பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பின்வாங்கில் இருந்து ஒருத்தி, "அதெப்பிடி சேர், மீனைப் பாத்து வயசு சொல்லுறது?" என்றாள். அன்றைய பாடத்தை அவளே நடத்திவிட்டாள்.

அடுத்த இடறல் சமன் குறி. தரம் 1 இலிருந்து அந்த இரண்டு கோட்டுக்குப் பிள்ளை வைத்திருக்கும் அர்த்தம் "விடை இதோ" என்பது. கல்குலேட்டரில் அழுத்துகிற பட்டன் மாதிரி. அதனால் 8 + 4 = □ + 5 என்று எழுதிப் பெட்டிக்குள் என்ன வரும் என்று கேட்டால் 12 என்று எழுதிவிட்டு, பக்கத்தில் நிற்கும் 5 ஐ என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கும். அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் இதையே கேட்டிருக்கிறார்கள். ஒருவர் விடாமல் 12 அல்லது 17 என்றுதான் எழுதினார்களாம். 7 என்று ஒருவரும் எழுதவில்லை. 1557 இல் ரொபர்ட் ரெக்கோர்ட் என்ற வேல்ஸ் நாட்டு வைத்தியர் இந்தக் குறியை முதன்முதலில் அச்சில் போட்டபோது, ஒரே நீளமான இரண்டு சமாந்தரக் கோடுகளை விடச் சமமான இரண்டு பொருள் வேறில்லை என்றுதான் காரணம் சொன்னார். அவர் காட்டியது இரண்டு பக்கத்தின் சமத்தை. விடையை அல்ல.

புத்தகத்தில் இதற்குத் தராசுப் படம் போட்டிருக்கும். நல்ல படம்தான். ஆனால் இன்றைய பிள்ளைகள் இரட்டைத் தட்டுத் தராசை எங்கே கண்டார்கள்? மீன் வாடியிலும் இப்போது இலக்கம் காட்டும் தராசுதான். அதனால் நான் போட்டை எடுத்துக்கொள்வேன். போட்டின் இரண்டு பக்கமும் ஒரே பாரம் இருந்தால் நேராக நிற்கும். ஒரு பக்கத்தில் இருந்து 5 கிலோவைத் தூக்கினால் என்ன நடக்கும்? "மற்றப் பக்கம் சரியும் சேர்." அப்ப என்ன செய்யவேணும்? "அந்தப் பக்கத்திலயும் அஞ்சைத் தூக்கவேணும்." அவ்வளவுதான் சமன்பாடு தீர்த்தல். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடமும் தேவையில்லை.

ரியூசன் வகுப்புகளில் "மறுபக்கம் போனால் குறி மாறும்" என்று பாடமாக்கி விடுகிறார்கள். ஏன் மாறுகிறது என்று கேட்டால், போனால் மாறும். விமான நிலையத்தில் குத்துகிற முத்திரை மாதிரி! இந்தச் சூத்திரத்தோடு வருகிற பிள்ளை 3 × □ = 12 ஐக் கண்டால் 3 ஐயும் மறுபக்கம் கொண்டுபோய் 12 − 3 = 9 என்று எழுதுகிறது. வந்த பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தப் பாடத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அட்சரகணிதம், அதாவது எழுத்துக் கணிதம். ஆனால் இந்தக் கலைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் வந்த புத்தகத்தில் அட்சரமே இல்லை. பக்தாதில் கலீபா மஃமூனின் காலத்தில், சுமார் 820 இல், அல்-குவாரிஸ்மி எழுதிய அந்த நூலில் எக்ஸும் இல்லை, வையும் இல்லை. சமன்பாடு முழுவதும் வசனம். தெரியாத எண்ணை அவர் "ஷைஉ" என்றார். சாமான், பொருள் என்று அர்த்தம். எழுத்துகளை முறையாகக் கொண்டுவந்தவர் பிரான்சின் வியேத்தா, 1591 இல். எக்ஸ் பிரபலமானது 1637 இல் தெக்கார்த்தின் புத்தகத்துக்குப் பிறகு. அப்படியானால் எண்ணூறு வருடத்துக்குக் கொஞ்சம் கூடவே மனிதர்கள் எக்ஸ் இல்லாமலே அல்ஜிப்ரா செய்திருக்கிறார்கள். எக்ஸைக் கண்டு பயப்படும் பிள்ளைக்கு நான் இதைச் சொல்வேன். பெட்டி போடு, இல்லாவிட்டால் "சாமான்" என்று எழுது, வசனம் சரியாக இருந்தால் போதும்.

"அல்-ஜப்ர்" என்ற சொல்லுக்கு உடைந்ததைச் சேர்த்துப் பொருத்துவது என்று அர்த்தம். ஸ்பெயினில் எலும்பு பொருத்துகிறவரை அல்ஜெப்ரிஸ்தா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கட ஊர் முறிவு நெரிவு வைத்தியர் மாதிரி. ஒரு பக்கத்தில் குறைந்து நிற்பதை நிரப்பு, அதே அளவை மறுபக்கத்துக்கும் கொடு. அதுதான் ஜப்ர்.

அல்-குவாரிஸ்மி இதை யாருக்காக எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய நூலின் ஏறத்தாழப் பாதி சொத்துப் பங்கீட்டுக் கணக்கு, வஸிய்யத், வாரிசுரிமை. வீட்டில் மௌத்து நடந்தால் காழிக்கும் குடும்பத்துக்கும் தேவைப்படுகிற கணக்கு. என் வகுப்பில் முஸ்லிம், கத்தோலிக்க, இந்துப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். இந்தக் கணக்கை எல்லாருக்கும் ஒன்றாகத்தான் போடுவேன்: ஒருவர் மௌத்தாகிறார். பெற்றோர் உயிரோடு இல்லை. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள். முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு வஸிய்யத். அதெல்லாம் தீர்ந்த மிச்சத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று. மற்றதில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. மனைவிக்கு 60,000 ரூபா வந்தது என்றால் மகனுக்கு எவ்வளவு?

□ ÷ 8 = 60,000. பெட்டிக்குள் 480,000. மனைவியின் பங்கு போக 420,000. மகளின் பங்கை இன்னொரு பெட்டி என்று வைத்தால், மகனுக்கு இரண்டு பெட்டி, மகள்மாருக்கு ஒவ்வொன்று. நான்கு பெட்டி 420,000 என்றால் ஒரு பெட்டி 105,000. மகனுக்கு 210,000.

பிள்ளைகளுக்கு இதில் பிடிப்பது விடை இல்லை, வரிசை. கடன் தீராமல் பங்கு பிரிக்க முடியாது. பங்கு பிரித்த பிறகு கடனைக் கழித்தால் எண்ணே மாறிவிடும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்த எங்கட குடும்பங்களில் வாப்பப்பாவின் பெயரிலேயே உறுதி கிடக்கிற காணிகள் இருக்கின்றன. எட்டில் ஒன்றில் மூன்றில் ஒன்று என்று பங்கு பிரிந்து, ஒரு பேர்ச்சுக்கும் குறைவாகப் போய் நிற்கும். அந்தப் பிள்ளைகளுக்கு பின்னம் எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இனி நான் சொல்ல வந்த பொடியனின் கதைக்கு வருகிறேன்.

அவன் தரம் 7. பள்ளிமுனைப் பிள்ளை, தகப்பன் கடல் தொழில். கணிதக் கொப்பியில் திகதியும் தலைப்பும் மட்டும் இருக்கும். வினாத்தாளில் கடைசியாக எடுத்த புள்ளி 11.

ஒருநாள் பிள்ளைகளைப் பெருக்க மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியூர் ஆட்களுக்குச் சொல்கிறேன், பள்ளிமுனையில் நிற்கும் அந்தப் பழைய மரத்துக்கு எங்கட ஊரில் பெருக்க மரம் என்று பெயர். அராபிய வியாபாரிகள் கொண்டுவந்து நட்டது என்று சொல்வார்கள். "அப்ப கழித்தல் மரம் எங்க சேர்?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். அடிமரத்தின் சுற்றளவு 19.5 மீற்றர் என்பது கணக்கு. கைகளை விரித்தால் ஒரு பிள்ளை 1.3 மீற்றர் பிடிக்கும் என்று அளந்து வைத்துக்கொண்டு, மரத்தைச் சுற்றிப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டேன். எல்லாரும் கொப்பியில் தசமத்தோடு மல்லுக்கட்ட, இவன் மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பத்துப் பேர் எண்டா 13 மீற்றர். மிச்சம் ஆறரை. அது 13 இல பாதி, அஞ்சு பேர். பதினஞ்சு."

1.3 × □ = 19.5 என்று எழுதச் சொன்னேன். எழுதத் தெரியாது என்றான்.

எப்படி இந்தக் கணக்கு வந்தது என்று கேட்டேன். "அப்பா பங்கு பிரிக்கிறதப் பாக்கிறனான் சேர்" என்றான்.

அடுத்த நாள் அவனை அழைத்து அந்தப் பங்கைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். அவன் தகப்பன் போகிற போட்டில் முறை இப்படி: மீன் விற்ற காசில் முதலில் செலவு போகும். மிச்சத்தில் பாதி போட்டுக்கும் வலைக்கும், அதாவது போட்காரருக்கு. மற்றப் பாதி தொழிலுக்குப் போன மூன்று பேருக்கும் சமனாக. மாமியாரிடம் கேட்டாலும் சொல்வார் இது நல்ல இரண்டு படிச் சமன்பாடு! முந்தின நாள் 24,000 ரூபாவுக்கு மீன் போனதாம், அப்பாவுக்கு வந்தது 2,400. அப்படியானால் செலவு எவ்வளவு பிடித்திருப்பார்கள் என்று கேட்டேன்.

அவன் பின்னால் இருந்து நடந்தான். ஒருவருக்கு 2,400 என்றால் மூன்று பேருக்கு 7,200. அது பாதி. முழுசு 14,400. 24,000 இல் இருந்து அது போக 9,600. நான் அதையே சமன்பாடாகப் பக்கத்தில் எழுதினேன்.

(24,000 − □) ÷ 2 ÷ 3 = 2,400

அவன் செய்த ஒவ்வொரு அடியும் இதில் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினான். மூன்றால் பெருக்கியது, இரண்டால் பெருக்கியது, கழித்தது. கடைசியாகச் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. வலைச் சிக்கு எடுக்கிற வீட்டுப் பிள்ளை.

பாடம் அதோடு முடிந்திருக்கும். அவன் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். "சேர், எண்ணெய்க்கும் ஐஸுக்கும் 7,200 தான் எண்டு அப்பா சொன்னவர்."

9,600 இல் 7,200 போனால் 2,400. அந்த 2,400 எங்கே?

எனக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. தகப்பனுக்கும் போட்காரருக்கும் நடுவில் உள்ள விசயம். வகுப்பில் போட்காரரின் சொந்தக்காரப் பிள்ளைகளும் இருக்கலாம். "அப்பாட்டக் கேட்டுப் பார், நாங்கள் அறியாத வேற செலவு இருக்கும்" என்று சொல்லி இருத்தினேன்.

இரண்டு நாள் கழித்துத் தகப்பன் பாடசாலை வாசலுக்கு வந்தார். கோபமாக வந்திருக்கிறாரோ என்று நினைத்தேன். அப்படி இல்லை. "சேர், இவன் வீட்ட வந்து என்னட்டக் கணக்குக் கேக்கிறான்" என்றார், சிரிப்பும் கூச்சமுமாக. விசயம் இதுதான். சில மாதம் முந்திப் பாறையில் மாட்டி வலை போய்விட்டது. புது வலைக்குப் போட்காரர் காசு போட்டார். அந்தக் கடனுக்கு மீன் பட்ட நாட்களில் 2,400 கழிகிறது.

"அது எங்க கழியுது அண்ணன்? பிரிக்க முதலா, பிரிச்ச பிறகு போட்காரரின்ட பாதியிலயா?" என்று கேட்டேன்.

பொடியன் ஏற்கனவே கொப்பியில் இரண்டையும் எழுதி வைத்திருந்தான். பிரிக்க முதல் கழித்தால் ஆளுக்கு 2,400. வலை போட்காரரின் சாமான் என்று அவருடைய பாதியில் கழித்தால், 24,000 இல் 7,200 போக 16,800, அதில் பாதி 8,400, ஆளுக்கு 2,800. அடைப்புக்குறிக்கு உள்ளே 2,400 நின்றால் ஒரு விடை, வெளியே நின்றால் இன்னொரு விடை. வித்தியாசம் ஒரு நாளைக்கு 400 ரூபா.

தகப்பன் கொப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வலை மாட்டினது எங்கட கையால சேர். நாங்க மூண்டு பேரும் ஒத்துக்கொண்டனாங்க. அந்த மனிசன் காசு போடாட்டி தொழிலே இல்ல." அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. யாருடைய பாதியில் கழிப்பது நியாயம் என்று சமன்பாடு சொல்லாது. அவர்கள் பேசி முடித்த விசயம். போட்காரர் ஏமாற்றினார் என்று யாரும் இதை வாசித்துவிட்டுச் சொல்ல வேண்டாம், அப்படி ஒன்றும் இல்லை.

ஆனால் அவர் அறியாத ஒன்று இருந்தது. கடனில் இன்னும் எவ்வளவு என்று கேட்டதற்கு 72,000 என்றார். எத்தனை நாளில் முடியும் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. 2,400 × □ = 72,000. பொடியன்தான் சொன்னான், "முப்பது நாள் அப்பா. மீன் படுற நாள் முப்பது."

அப்போதுதான் தகப்பன் வந்த காரியத்தை வாய் திறந்தார். அடுத்த வருடம் இவனையும் தொழிலுக்குக் கூட்டிப் போகலாம் என்று யோசிக்கிறாராம். படிப்பு ஏறவில்லை என்றுதானே எல்லா ஆசிரியர்களும் சொல்கிறார்கள். வீட்டுக்கு இன்னொரு பங்கு வரும்.

16 வயது வரை பாடசாலை கட்டாயம் என்ற சட்டம் இருக்கிறது, அதைச் சொன்னேன். பெற்றோர் அதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள், வாசலைத் தாண்டினால் மறந்துவிடுவார்கள். எங்களுக்குத் தெரிந்த கதை. பிறகு கேட்டேன், சின்னப் பொடியனுக்கு என்ன பங்கு கொடுப்பார்கள் என்று. அரைப் பங்கு என்றார். "அப்ப அதையும் எழுதிப் பாரு" என்று மகனிடம் கொப்பியைக் கொடுத்தேன்.

மூன்று முழுப் பெட்டி, ஒரு அரைப் பெட்டி, சேர்ந்தால் 7,200. அரையைக் கண்டதும் நின்றுவிட்டான். இரண்டு பக்கத்தையும் இரண்டு மடங்காக்கு, போட் சரியாது என்றேன். ஏழு பெட்டி 14,400. ஏழால் பிரித்தால் முழுசாக வராது, 2,057 உம் கொஞ்சமும். அரைப் பங்கு 1,028 சொச்சம். அப்பாவும் மகனும் சேர்ந்து 3,085. இப்போது வருவது 2,400.

"அப்ப நான் போனா வீட்டுக்கு 685 ரூபா கூட" என்றான் பொடியன். கொஞ்சம் பொறுத்து, "ஆனா மற்ற ரெண்டு மாமாவுக்கும் 342 ரூபா குறையும். அவங்கள் ஒத்துக்கொள்ளுவாங்களா அப்பா?"

தகப்பன் பதில் சொல்லவில்லை. மகனின் கொப்பியை வாங்கி, ஆரம்பத்தில் இருந்து ஒருமுறை பார்த்தார். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர், ஆனால் எண் அவருக்கு நன்றாகத் தெரியும். "இது எல்லாம் இவன்தான் செய்தவனா சேர்?" என்றார். ஓம் என்றேன்.

கடந்த தவணைப் பரீட்சையில் அவனுக்கு 38 புள்ளி. சித்திக்கு அது போதும், ஆனால் பெருமை பேசுகிற அளவுக்கு இல்லை. வசனக் கணக்கு ஐந்தில் நான்கு சரி. கேத்திரகணிதத்தில் இன்னும் பூச்சியம்தான், அதற்கு என்ன வழி என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருடம் கடலா பாடசாலையா என்று வீட்டில் இன்னும் முடிவில்லை. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது வழியில் கண்டேன். கடன் எந்த அளவில் என்று கேட்டேன்.

"பதினொரு நாள் போயிட்டு சேர். இன்னும் பத்தொன்பது. 45,600."